பல்லாவரம்: கண்ணுக்குத் தெரியாத தொல்லியல் களமும் 300 மீட்டர் விதியும்

பழைய பல்லாவரம், ஜமீன் பல்லாவரம் பக்கம் மனை வைத்திருப்பவர்கள் வீடு கட்ட அனுமதி கேட்டால், தொல்லியல் துறையின் தடையின்மைச் சான்று எங்கே என்ற கேள்வி எழுகிறது. இது பற்றிய செய்திகள் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன. படிப்பவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்புதான். அக்கம்பக்கத்தில் கோட்டை இல்லை, கோபுரம் இல்லை, சிற்பம் இல்லை. பிறகு எதற்காக இந்தத் தடை?

விமான நிலையத்துக்கு எதிரே இறங்கி, இந்தப் புறநகரில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இருவருக்கும் பதில் ஒன்றுதான். பல்லாவரத்தின் பழமையில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. மேலே தெரிவது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் அடையாளம் தெரிந்து பார்த்தால்தான் விளங்கும்.

அடிப்படையான பாறையிலிருந்து தொடங்கினால், சட்டம் வரை ஒரே கோட்டில் வந்துவிடலாம்.

குன்றுகளின் கல்

பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகள் மூன்றும் ஒரே பாறை வகை. ஊரில் கருங்கல் என்றால் போதும். நிலவியலில் அதற்குச் சார்னகைட் என்று பெயர். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் ஆகிய கனிமங்கள் சேர்ந்த பாறை இது. பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. வெயில் மழையில் கிடந்த மேற்பரப்பு பழுப்பாக இருக்கும். புதிதாக உடைத்த முகத்தில்தான் அதன் உண்மை நிறம் தெரியும்: பச்சையும் நீலமும் கலந்த கருஞ்சாம்பல், எண்ணெய்ப் பசையான மினுக்கு.

கொல்கத்தாவோடு தொடர்புடைய ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல், சென்னைப் பக்கத்துப் பாறையில் செய்தது. அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், 1893இல் சார்னக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். பின்னர் அண்டார்டிகாவிலும் ஆப்பிரிக்காவிலும் இதே வகைப் பாறை இனங்காணப்பட்டது. எங்கே கிடைத்தாலும் அதை ஒப்பிட்டுப் பார்க்கும் மூலப்பாறை பல்லாவரம், பரங்கிமலைப் பாறைதான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பரங்கிமலைச் சார்னகைட்டைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

இந்தக் கல்லின் உறுதியே குன்றுகளுக்கு வினையாகவும் ஆனது. ஜல்லிக்காக ஆண்டுக்கணக்கில் வெட்டியதில் பல சரிவுகள் காணாமல் போய், ஆழமான கல்குட்டைகள் உருவாகிவிட்டன. பச்சை நிறத் தண்ணீரோடு அவை பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஓரத்தில் சரிவே கிடையாது. காலை வைத்த அடுத்த அடியில் பல ஆள் ஆழம் இருக்கலாம். நீந்தத் தெரிந்தவர்களும் ஏறி வரப் பிடிமானம் இல்லாமல் அதில் இறக்கிறார்கள். சுற்றிப் பார்க்கும் இடங்களின் பட்டியலில் கல்குட்டைகளைச் சேர்ப்பதை நிறுத்த வேண்டும்.

1863 மே 30

குன்றுகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலத்தில் செம்புரைக்கல் சரளை பரவியிருக்கிறது. பல்லாவரம் அணிவகுப்புத் திடலை ஒட்டி அப்படியொரு சரளைக் குழி இருந்தது. 1863 மே 30 அன்று, புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அந்தக் குழியிலிருந்து கையால் செதுக்கப்பட்ட ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவில் இனங்காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அதுதான். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் அதே துறையைச் சேர்ந்த வில்லியம் கிங்கும் சென்னைக்கு வடமேற்கே உள்ள அதிரம்பாக்கத்துக்குப் போய் இன்னும் நிறையக் கருவிகளைக் கண்டார்கள். அதிரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் 10 லட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

உடைந்த கல்லுக்கும் செய்த கல்லுக்கும் என்ன வித்தியாசம்? இயற்கையாக உடைந்த கல்லில் முறிவுகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். செய்த கல்லில் ஒரே ஓரத்தை நோக்கி இரு பக்கத்திலிருந்தும் சில்லுகள் பெயர்க்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சில்லு பெயர்ந்த இடத்திலும் அடி விழுந்த புள்ளியிலிருந்து விரியும் ஆழமற்ற குழிவு தெரியும். கைக்கோடரி என்றால் ஒரு முனை கூராகவும் மறுமுனை பிடிக்கத் தோதாகவும் அமைந்திருக்கும். கல் குவார்ட்சைட், குன்றின் சார்னகைட் அல்ல. சீராகச் சில்லு பெயரும் கல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

ஃபூட் சேகரித்தவற்றைச் சென்னை அரசு வாங்கி எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வைத்தது. ஆகவே பல்லாவரத்தின் முதல் காட்சியிடம் பல்லாவரத்தில் இல்லை. எழும்பூரில் இருக்கிறது.

சட்டத்தின் பிடிக்குள் வரும் பகுதி: ஈமச்சின்னங்கள்

இறந்தவர்களைப் பெருங்கற்கால மக்கள் (பழைய கற்காலத்துக்கு மிகப் பிந்தியவர்கள், கற்களை வைத்து ஈமச்சின்னம் அமைத்தவர்கள்) அடக்கம் செய்த இடங்கள் பல்லாவரம், குன்றத்தூர் உள்ளிட்ட செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரம் முழுவதும் நிறைந்திருக்கின்றன. குடியிருப்புக்கும் வயலுக்கும் உதவாத சரளை மேட்டையும் குன்றடிவாரத்தையும் இதற்கு ஒதுக்கினார்கள். இன்று மனை போடத் தோதான மேட்டுநிலமும் அதுவேதான்.

சட்ட அறிவிப்புகளிலும் பலகைகளிலும் வரும் பெயர்களுக்குப் பொருள் இது:

1. கல்வட்டம்: தரைமேல் வட்டமாக அடுக்கிய உருண்டைப் பாறைகள். அடக்கம் அதன் நடுவே, கீழே இருக்கும்.

2. கற்குவை: அடக்கக் குழியை மூடிக் குவித்த சிறு கற்கள். பார்க்கச் சாதாரணச் சரளை மேடாகவே தெரியும்.

3. கற்பதுக்கை: பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு கல் மூடிய அறை. மூடுகல் மட்டும் மண்ணுக்கு மேல் தெரியலாம்.

4. முதுமக்கள் தாழி: எலும்பும் படையல் பொருளும் வைத்துப் புதைத்த பெரிய மண்பானை.

5. ஈமப்பேழை: சுட்ட மண்ணில் செய்த, குளியல் தொட்டி போன்ற நீளமான பெட்டி. அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள் இருக்கும்.

பல்லாவரத்தைத் தொல்லியலாளர்கள் முதலில் நினைப்பது ஐந்தாவதற்காக. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பின்னாளில் ஆதிச்சநல்லூரை அகழ்ந்த அலெக்சாண்டர் ரீ இங்கும் அகழ்ந்து ஈமப்பேழையைப் பதிவு செய்தார். இத்தனை நீளமான பெட்டியை வளையாமல், வெடிக்காமல் சுடுவது எளிதல்ல. அடிப்பாகத்துக்கும் தீ எட்ட வேண்டும். கால்கள் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவதால் அதற்கு வழி கிடைத்திருக்கும். அருங்காட்சியகத்தில் பேழையைப் பார்ப்பவர்கள் குனிந்து அந்தக் கால்களைப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் வெறும் தொட்டிதான்.

இவை இன்று கண்ணில் படாததற்கு மூன்று காரணங்கள். அடக்கமே நிலத்துக்குக் கீழே நடந்தது. வட்டமாக வைத்த பாறைகளைப் பிற்காலத்தில் சுவருக்கும் வேலிக்கும் எடுத்துப் போய்விட்டார்கள். சாலைக்காகச் சரளையை அள்ளியபோது குவைகளும் சேர்ந்து போயின. ஆனால் மேலே இருந்த கல் போனதால் கீழே இருக்கும் தாழி போய்விட்டது என்று ஆகாது. வீடுகளுக்கு நடுவே, இரண்டு மூன்று அடி ஆழத்தில் இன்னும் இருக்கலாம். தடை வேண்டும் என்பதற்கு அடிப்படை வாதம் இதுதான்.

மேலே தெரிபவை

பல்லாவரம் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குடைவரை ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். முகப்பில் தூண் வரிசை, பின்சுவரில் ஐந்து அறைகள். தூணின் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. மகேந்திரன் காலக் குடைவரைகளில் பரவலாகக் காணப்படும் அமைப்பு. அவனுடைய பட்டப்பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமையோடு சொன்ன அரசன் அவன். சார்னகைட் போன்ற கடினமான கல்லில் உளி பிடித்து ஐந்து அறைகளைக் குடைவது எத்தகைய உழைப்பு என்பதை அந்தச் சுவரின் முன் நின்றால்தான் உணர முடியும். குடைவரை இன்று தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. வண்ணம் பூசப்பட்டிருப்பதால் பழைய எழுத்துகளைத் தேடிப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் படம் எடுப்பது முறை.

திரிசூலநாதர் கோயில் குன்றுகளுக்கு நடுவே, ரயில் நிலையத்தின் கிழக்கே இருக்கிறது. முதலாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டுகள் இங்கு உண்டு. ஊர் அவற்றில் திருச்சுரம் என்று வருகிறது. பல்லாவரத்தின் பெயர் பல்லவபுரம் என்று வருகிறது.

பரங்கிமலை தேவாலயம் 1523இல் போர்ச்சுகீசியர் கட்டியது. உள்ளே பீடத்தில் பதித்துள்ள கற்சிலுவையைச் சுற்றி பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து ஓடுகிறது. மலையேறும் படிகளை அமைத்தவர் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான். மேலே வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. அது ஏன் அங்கே என்று பலர் கேட்பதுண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று, இந்தியத் துணைக்கண்டத்தையே அளந்த முக்கோண நில அளவையின் அடிப்படைக் கோட்டைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே அவர் அளக்கத் தொடங்கினார். ஏழரை மைல் நீளம். 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து வைத்து அளந்து முடிக்க 57 நாள் ஆனது. வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே அளக்க வேண்டியிருந்தது.

300 மீட்டர் விதி: அடிப்படை

பல்லாவரத்தின் ஈமச்சின்னக் களம் போல, தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று மத்திய அரசு அறிவித்த இடங்களுக்கு, பழைய சின்னங்களைப் பாதுகாக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். 1992 ஜூன் 16 அறிவிப்பும் 2010 திருத்தமும் அதைக் கடுமையாக்கின. மூன்று வளையங்கள் உண்டு. மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம்.

1. பாதுகாக்கப்பட்ட பகுதி. அறிவிப்பில் அடங்கிய நிலம். சொந்தப் பட்டாவே இருந்தாலும் மத்திய அரசின் அனுமதியின்றிக் கட்டவோ தோண்டவோ கூடாது.

2. தடைசெய்யப்பட்ட பகுதி. அந்த எல்லையிலிருந்து 100 மீட்டர். தனியார் புதிதாகக் கட்டிடம் கட்ட அனுமதியே கிடையாது. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த வீட்டையும், பின்னர் முறையான ஒப்புதலோடு கட்டிய வீட்டையும் பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம். அதற்கும் விண்ணப்பம் வேண்டும்.

3. ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர். இங்கே கட்டலாம், அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும்.

விண்ணப்பம் உரிய அதிகாரிக்குப் போகும். அவர் 15 நாளுக்குள் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் பரிந்துரைக்க வேண்டும். அதன்பின் ஒரு மாதத்தில் முடிவு. மீறிக் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தூரத்தை அளப்பது சின்னத்தின் நடுவிலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட பகுதியின் விளிம்பிலிருந்து. இதன் விளைவைக் கணக்குப் போட்டால்தான் புரியும். சின்னம் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டாலும் 300 மீட்டர் வட்டம் ஏறத்தாழ 70 ஏக்கர். சின்னம் 200 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் கொண்ட சரளை மேடு என்றால், அதாவது வெறும் 10 ஏக்கர் என்றால், மூன்று வளையமும் சேர்ந்து ஏறத்தாழ 139 ஏக்கரைப் பிடிக்கும். புறநகரில் 139 ஏக்கர் என்பது பல தெருக்கள்.

எங்கே சிக்கல் முளைக்கிறது

முதல் சிக்கல் ஆவணத்தில். நிலம் வாங்குபவர் வில்லங்கச் சான்று எடுக்கிறார். பதிவான கிரயமும் அடமானமும் அதில் வரும். 300 மீட்டர் விதி ஒரு பத்திரப் பதிவு அல்ல என்பதால் அதில் வராது. நிலத்தை விற்கச் சட்டம் தடை போடவில்லை, கட்டுவதற்குத்தான் தடை. ஆகவே கிரயம் சுத்தமாக முடிந்து, வரைபட அனுமதிக்குப் போகும்போதுதான் உண்மை தெரிகிறது. வங்கிக் கடனும் அந்த இடத்தில் நின்றுவிடும்.

இரண்டாவது, சர்வே எண். பழைய அறிவிப்புகள் அந்தக் காலக் கிராம சர்வே எண்ணைச் சொல்லும். ஊர் நகராட்சியாகி, 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. இடையில் உட்பிரிவுகளும் நகர நில அளவை எண்களும் வந்துவிட்டன. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்திப் பார்க்காமல் எல்லை எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. களத்தில் எல்லைக்கல் நடப்பட்டிருந்தால் இந்தத் தகராறில் பாதி வராது.

மூன்றாவதுதான் அடிப்படையானது. நிமிர்ந்து நிற்கும் சின்னத்துக்கு ஏற்ற விதி இது. கோயிலுக்குப் பக்கத்தில் ஒன்பது மாடி எழுந்தால் காட்சி மறையும், அதிர்வு தாக்கும். அங்கே உயரத்தைக் கட்டுப்படுத்துவதில் பொருள் இருக்கிறது. புதைந்த இடுகாட்டுக்குக் கேடு உயரத்தால் வருவதில்லை, ஆழத்தால் வருகிறது. அஸ்திவாரம், கழிவுநீர்த் தொட்டி, ஆழ்துளைக் கிணறு, சாலைக்கு மண் அள்ளுதல் ஆகியவைதான் தாழியை உடைக்கின்றன. 290 மீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்காரர் இரண்டாவது மாடி போடக் காத்திருக்கிறார். அதனால் புதைந்த தாழிக்கு ஒன்றும் ஆகாது. வளையத்துக்கு வெளியே பொக்லைன் இறங்கினால், அங்கே எந்தக் கேள்வியும் இல்லை.

கட்டும் முன் சோதனைக் குழி தோண்டிப் பார்ப்பது இதற்குப் பொருத்தமான வழி. ஒன்றும் இல்லை என்றால் உரிமையாளருக்கு விரைவில் அனுமதி. இருந்தால் முறையாக அகழ்ந்து பதிவு செய்யலாம். ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித் துணைவிதி வகுக்க 2010 திருத்தமே இடம் கொடுக்கிறது. பல்லாவரம் போன்ற களங்களுக்கு அந்தத் துணைவிதியில் உயரத்தைவிட ஆழத்தைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும்.

சின்னத்தைப் பட்டியலிலிருந்து நீக்கவே முடியாதா? முடியும். 35ஆம் பிரிவு அதற்குத்தான். 2024 மார்ச்சில் 18 சின்னங்களை நீக்கும் அறிவிப்பு வெளியானது. ஆனால் மேலே கல் தெரியவில்லை என்பதற்காக இடுகாட்டுக் களத்தை நீக்கினால், கீழே இருப்பதைப் பார்க்காமலே கைவிட்டதாகும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓடுபாதைக்கு அருகே என்பதால் விமான நிலைய ஆணையத்தின் உயரக் கட்டுப்பாடும் இங்கே உண்டு. அது வேறு சான்று. ஒன்றை வாங்கினால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது.

வாங்கும் முன், போகும் முன்

மனை வாங்குபவர் முன்பணம் கொடுக்கும் முன்பே இப்போதைய சர்வே எண்ணையும் அதற்கு நேரான பழைய எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும். தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தின் இணையதளத்தில் அந்த இடத்தைப் பொருத்திப் பார்க்க வேண்டும். சான்று வந்தால்தான் கிரயம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது பாதுகாப்பு.

சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலே போதும். பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் என்று நிலையங்கள் வரிசையாக வருகின்றன. வெயில் ஏறுமுன் பரங்கிமலைப் படிகளை முடித்துவிட்டு, அங்கிருந்து திரிசூலம் கோயில், அது நடை சாத்தும் முன். குடைவரை அதற்குப் பிறகு. வழியில் கன்டோன்மென்ட் நிலமும் ராணுவ வளாகங்களும் உண்டு. அங்கே கேமராவை எடுக்கக் கூடாது. செடி, பழைய இரும்பு, கருவிகள், மரச்சாமான் விற்கும் பல்லாவரம் சந்தை வெள்ளிக்கிழமை மட்டும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே சந்தையையும் ஈமப்பேழையையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. பழங்காலத்துக்காக வருகிறவர்கள் முதலில் எழும்பூருக்குப் போய்க் கருவியையும் பேழையையும் பார்த்துவிட்டு, இன்னொரு நாள் பல்லாவரத்துக்கு வந்தால் நிலம் வேறு மாதிரித் தெரியும்.

தோண்டும்போது தாழி தென்பட்டால்

வளையத்துக்கு வெளியே இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள், வட்டமாக வரும் தடித்த விளிம்பு, வரிசையாக நிற்கும் பலகைக் கல் ஆகியவை அடையாளங்கள்.

1. இயந்திரத்தை நிறுத்த வேண்டும். கையால் பெயர்க்கவும் கூடாது. ஈரத்தில் கிடந்த மண்பாண்டம் காற்றுப்பட்டதும் விரிசல் விடும்.

2. தாழிக்குள் இருக்கும் மண்ணைக் கொட்டக் கூடாது. எலும்புத் துண்டு, மணி, இரும்புத் துரு, உமி எல்லாம் அந்த மண்ணில்தான் ஒட்டியிருக்கும். காலக்கணிப்புக்கு வேண்டியது அதுதான்.

3. பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து நான்கு பக்கமும் படம் எடுத்து, ஈரச் சாக்கால் மூடி, மேலே மழை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாக மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மண்ணில் புதைந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருள் கிடைத்தாலும் ஆட்சியருக்குச் சொல்ல வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் கூறுகிறது. தெரிவித்த கடிதத்தின் நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.